இரவல் வரிகள்: மூலநிரலைத் திறந்து கொடுப்பது, அன்றும் இன்றும்

1997 டிசம்பர் 23 அன்று, டூம் என்ற கணினி விளையாட்டின் மூலநிரலை அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டது. 1993இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு அது. பெரும்பாலோர் ஆடியது டாஸ் கணினியில். வெளியான நிரலோ லினக்ஸ் வடிவத்தினுடையது. ஏன் என்பதை அதன் நிரலாளர் ஜான் கார்மாக் கூடவே வைத்த குறிப்பில் எழுதியிருந்தார். டாஸ் வடிவத்தில் ஒலிக்காக வெளியாருடைய லைப்ரரி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதன் பதிப்புரிமை வேறொருவரிடம் இருந்ததால் அந்த நிரலைத் தர முடியவில்லை. அப்படிச் சேர்த்தது எவ்வளவு பெரிய தவறு, இப்போதெல்லாம் ஒலி நிரலை நானே எழுதிக்கொள்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

விளையாட்டை விற்றபோது அந்த லைப்ரரி ஒரு தொந்தரவும் தரவில்லை. பணம் கொடுத்து வாங்கியது. இயங்கும் கோப்போடு சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்கத் தடையில்லை. மூலநிரலைத் திறக்க நினைக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வரலாம், அதை அங்கே மணப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு வர முடியாது. மென்பொருளிலும் பயன்படுத்தும் உரிமை வேறு, அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை வேறு. எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், மாற்றியதைப் பிறருக்கும் கொடுங்கள் என்று திறமூல உரிமம் சொல்கிறது. அப்படிச் சொல்பவர் கையில் அந்த உரிமை முழுதாக இருக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் நூறு வரிகள் அடுத்தவருடையவை என்றால், அந்த நூறு வரிகள் மொத்த வெளியீட்டையும் நிறுத்திவைக்கும்.

இந்த நிலைமையை மிகப் பெரிய அளவில் முதலில் சந்தித்த நிறுவனம் நெட்ஸ்கேப். 1998 ஜனவரி 22 அன்று தன் உலாவியின் மூலநிரலைத் திறக்கப்போவதாக அறிவித்தது. மார்ச் 31 என்று நாளும் குறித்தது. நடுவில் இருந்தது பத்து வாரத்துக்கும் குறைவு. இந்த வகை மென்பொருளுக்குத் திறமூலம் என்ற பெயரே அந்த அறிவிப்புக்குப் பிறகு, பிப்ரவரித் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கூடிய சிலரிடம் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்ததுதான். பின்பற்றுவதற்கு முன்மாதிரி இல்லை.

நிரலைப் பிரித்துப் பார்த்தபோது அதில் 75க்கும் மேற்பட்ட பகுதிகள் வெளி நிறுவனங்களுடையவை என்று தெரியவந்தது. அத்தனை உரிமையாளர்களையும் அணுகியாக வேண்டும். பொறியாளர்களும் பேசத் தெரிந்தவர்களும் குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு நிறுவனமாகப் போனார்கள். உங்கள் பகுதியின் மூலநிரலையும் எங்களோடு சேர்த்துத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். அன்று ஒரு வணிக நிறுவனத்திடம் அப்படிக் கேட்பது எவ்வளவு புதிது என்பதை இன்றைய நிரலாளர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சம்மதித்தவர்களின் பகுதி தங்கியது. சம்மதிக்காதவர்களின் பகுதியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் நிரல் உடையாதபடி ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

குறியாக்கப் பகுதிக்குச் சட்டமே தடை. வலுவான குறியாக்கத்தை நாட்டுக்கு வெளியே அனுப்ப அன்றைய அமெரிக்க ஏற்றுமதி விதிகள் இடம் தரவில்லை. இணையத்தில் மூலநிரலை வைப்பதும் ஏற்றுமதிதான். ஆகவே அதையும் வெட்டினார்கள். அப்படி வெட்டப்பட்ட நிரல் வெளியான சில மணி நேரத்துக்குள் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு தங்கள் குறியாக்க நிரலை அதில் பொருத்தி உலகுக்குக் கொடுத்துவிட்டது. உள்ளே பொறியாளர்கள் கோபத்தில் எழுதிவைத்திருந்த கெட்ட வார்த்தைகளையும் உட்கார்ந்து நீக்கினார்கள். சட்டப் பிரிவிலிருந்த மிட்செல் பேக்கர் புதிதாக ஓர் உரிமத்தை எழுத, மார்ச் மாதத் தொடக்கத்தில் அதைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். நெட்ஸ்கேப்புக்கு மட்டும் தனிச் சலுகை தரும் பிரிவுகள் அதில் இருப்பதைப் பார்த்துப் பலரும் எதிர்த்தார்கள். அந்த விவாதத்தின் பலனாகவே, அச்சலுகை இல்லாத மொஸில்லா பொது உரிமம் அதனுடன் பிறந்தது. இன்று பயர்ஃபாக்ஸ் உலாவி அந்த உரிமத்தின் திருத்திய வடிவத்தில்தான் வெளியாகிறது. அந்த நாட்களைப் படம்பிடித்த ‘கோட் ரஷ்’ என்ற ஆவணப்படம் இருக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படம்.

தன்னுடைய நிரல் முழுதும் கட்டற்றதாக இருந்தும் நம்பியிருந்த லைப்ரரியால் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிக் என்ற ஜெர்மானிய மாணவர், லினக்ஸுக்குச் சாதாரண மக்கள் பயன்படுத்தும்படி ஒரு மேசைத்தளம் வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். அதிலிருந்து பிறந்தது கேடிஈ. திரையில் பட்டன், மெனு, சன்னல் எல்லாம் வரைவதற்கு நார்வே நாட்டு டிரோல்டெக் நிறுவனத்தின் க்யூடி லைப்ரரியை எடுத்துக்கொண்டார்கள். தரமான லைப்ரரி, கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு இலவசம். ஆனால் அதை மாற்றி, மாற்றியதை வெளியிட உரிமம் அனுமதிக்கவில்லை. கேடிஈயின் உரிமமோ ஜிபிஎல். சேர்ந்து இயங்கும் முழு மென்பொருளுக்கும் அதே சுதந்திரம் இருக்க வேண்டும் என்பது ஜிபிஎல் விதிக்கும் நிபந்தனை. இரண்டையும் சேர்த்துத் தொகுத்து வெளியிட்டால் எந்த உரிமத்தை மீறுகிறோம் என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வியின் விளைவுகள் இன்றுவரை நம் திரையில் இருக்கின்றன. 1997 ஆகஸ்டில் மிகெல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்யூடி இல்லாத மேசைத்தளமாக குனோமைத் தொடங்கினார்கள். க்யூடிக்கு மாற்றாக ஒரு கட்டற்ற லைப்ரரியையே எழுதிவிட ஹார்மனி என்று இன்னொரு குழு கிளம்பியது. 1998 அக்டோபரில் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல், கேடிஈ தொகுப்புகளைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. டிரோல்டெக் இறங்கிவந்து க்யூடிக்குப் புதிய உரிமம் ஒன்றை எழுதியது. திறமூலத்துக்கு உரிய தகுதிகள் அதில் இருந்தன. ஜிபிஎல்லோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் 2000 செப்டம்பரில் க்யூடி 2.2 ஜிபிஎல்லிலேயே வந்தது. அப்போதும் பிறருடைய ஜிபிஎல் நிரலை முன்பு க்யூடியோடு சேர்த்து வெளியிட்டதற்கு அவரவரிடம் மன்னிப்புப் பெற்றுக்கொள்வது நல்லது என்று ஜிபிஎல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். கேடிஈ தரப்பில் பலருக்கு அது கசந்தது. கசப்பு எப்படியிருந்தாலும், ஒரு லைப்ரரியின் உரிம விதி லினக்ஸ் உலகத்தை இரண்டு மேசைத்தளங்களாகப் பிரித்துவைத்தது. அந்தப் பிரிவு இன்றும் நீடிக்கிறது.

நான் அதிகம் மதிக்கும் கதை ஜாவாவினுடையது. 2006 நவம்பர் 13 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஜாவாவை ஜிபிஎல்லில் திறப்பதாக அறிவித்து, மெய்நிகர் இயந்திரமான ஹாட்ஸ்பாட்டையும் தொகுப்பானையும் முதலில் வெளியிட்டது. 2007 மே மாதம் மீதமுள்ள வகுப்பு லைப்ரரிகளும் வந்தன. மீதம் எல்லாம் வந்ததா என்றால், இல்லை. ஏறக்குறைய நான்கு சதவீத நிரல் வரவில்லை. சன் நிறுவனத்திடம் ஆட்பலமும் வழக்கறிஞர்களும் இருந்தும், அந்த நான்கு சதவீதத்தைத் தரும் உரிமை அதனிடம் இல்லை.

அது என்ன நான்கு சதவீதம்? எழுத்துருவைத் திரையில் புள்ளிகளாக வரையும் பகுதி. வண்ணங்களை ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பகுதி. அது கோடாக் நிறுவனத்தினுடையது. வளைகோடுகளின் விளிம்பை மழமழவென்று காட்டும் பகுதி. மிடி இசையை ஒலியாக்கும் பகுதி. தொண்ணூறுகளில் அவசரத்துக்கு வாங்கிப் பொருத்தியவை இவை. வாங்கியபோது இயங்கும் கோப்பாகக் கொடுப்பதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். பத்தாண்டு கழித்து மூலநிரலைத் திறப்போம் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். சன் ஒரு தற்காலிக வழி செய்தது: இந்தப் பகுதிகளை மட்டும் இயங்கும் கோப்புகளாகத் தனியே தந்தது, மற்றதை நீங்களே தொகுத்து இவற்றைச் செருகிக்கொள்ளுங்கள் என்று. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களுக்கு அது போதவில்லை. மூலநிரல் இல்லாத ஒரு கோப்பு உள்ளே இருந்தாலும் அவர்கள் தங்கள் முதன்மைத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் மனத்தில் நிற்பது. 2007 ஜூனில் ரெட்ஹேட் பொறியாளர்கள் ஐஸ்டீ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜாவாவைக் கட்டற்ற முறையில் புதிதாக எழுத 1998இலிருந்தே முயன்றுவந்த குனு கிளாஸ்பாத் திட்டத்தின் நிரலைக் கொண்டு ஓட்டைகளை முதலில் அடைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நல்ல மாற்று கிடைத்தது. எழுத்துருவுக்கு ஃப்ரீடைப். வண்ணத்துக்கு லிட்டில்சிஎம்எஸ். விளிம்புக்குப் பிஸ்செஸ். இசைக்கு கார்ல் ஹெல்காசன் எழுதிய கெர்வில். இவற்றில் ஃப்ரீடைப், லிட்டில்சிஎம்எஸ் இரண்டும் ஜாவாவை மனத்தில் வைத்து எழுதியவை கிடையாது. யாரோ எதற்கோ எழுதி, எல்லோருக்கும் என்று திறந்துவைத்திருந்தவை. ஜாவாவுக்குத் தேவைப்பட்ட நாளில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 2008 ஜூனில் ஃபெடோரா 9இல் இருந்த அந்த வடிவம், ஜாவாவின் அதிகாரப்பூர்வ ஒத்திசைவுச் சோதனையில் தேறியது. விலைக்கு வாங்கிய நான்கு சதவீதம் போய், கட்டற்ற நான்கு சதவீதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

சன் எடுத்த இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். வெறும் ஜிபிஎல்லில் வகுப்பு லைப்ரரிகளைக் கொடுத்திருந்தால், ஜாவாவில் எழுதப்பட்ட ஒவ்வொரு செயலியும் ஜிபிஎல்லுக்குள் வந்துவிடுமோ என்ற பயம் கிளம்பியிருக்கும். அதற்காகவே கிளாஸ்பாத் விதிவிலக்கு என்ற ஒரு பத்தியை உரிமத்தோடு சேர்த்தார்கள்: இந்த லைப்ரரியோடு இணைக்கப்படும் உங்கள் சொந்த நிரலுக்கு நீங்கள் விரும்பும் உரிமத்தை வைத்துக்கொள்ளலாம். சென்னையிலும் கோவையிலும் வங்கிகளுக்கு ஜாவா எழுதி வாழும் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை, அவர்களில் பலர் கேள்விப்பட்டிராத அந்த ஒரு பத்தியின்மேல் நடக்கிறது.

டூமுக்குத் திரும்பினால் அந்தக் காலத்தின் முடிவு தெரியும். அதே நிறுவனம் 2011 நவம்பரில் டூம் 3இன் மூலநிரலைத் திறந்தது. இம்முறை இரவல் லைப்ரரி சிக்கல் இல்லை, காப்புரிமை சிக்கல். நிழல் வரைவதற்குக் கார்மாக் தானாகவே கண்டுபிடித்த ஒரு முறை, அவர் பெயராலேயே ‘கார்மாக்கின் தலைகீழ்’ என்று அழைக்கப்படுவது, கிரியேட்டிவ் நிறுவனத்தின் காப்புரிமைக்குள் ஏற்கெனவே இருந்தது. வழக்கறிஞர்கள் தயங்கினார்கள். கார்மாக் உட்கார்ந்து அந்த இடத்தைத் திருத்தினார். புதிதாகச் சேர்த்தது நான்கு வரி, மாற்றியது இரண்டு வரி. நிரல் வெளியானது. தடை எங்கே, யாருடையது, எத்தனை வரி என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்த காலம் அது.

இன்று நிலைமை தலைகீழ். ஒலிக்கும் எழுத்துருவுக்கும் வண்ணத்துக்கும் யாரும் காசு கொடுத்து லைப்ரரி வாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் திறமூல லைப்ரரி இருக்கிறது. ஒரு கட்டளை தட்டினால் வந்து சேர்கிறது. அது தனக்கு வேண்டியவற்றையும் கூட்டிவருகிறது. ஒரு சாதாரண இணையச் செயலியின் கோப்புறையில் நூற்றுக்கணக்கில் லைப்ரரிகள் இருக்கும், சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும். எழுதியவர் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தவை இருபதோ முப்பதோ. மற்றவை வந்ததே அவருக்குத் தெரியாது. நெட்ஸ்கேப் பொறியாளர்கள் 75 வாசல்களில் போய் நின்றார்கள். இன்று வாசல்கள் ஆயிரம், கதவு எல்லாம் திறந்தே இருக்கிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்தான் குறைவு.

2021 மார்ச்சில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. ரூபி மொழியில் எழுதப்பட்ட ரெயில்ஸ், கட்டுப்பாடு மிகக் குறைந்த எம்ஐடி உரிமத்தில் வரும் புகழ்பெற்ற சட்டகம். அது கோப்புகளைச் சேமிக்கும் தன் பகுதிக்காக மார்செல் என்ற லைப்ரரியை நம்பியிருந்தது. மார்செல், மைம்மேஜிக் என்ற இன்னொன்றை நம்பியிருந்தது. ஒரு கோப்பு படமா, பிடிஎஃபா, ஒலியா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் மைம்மேஜிக்கின் வேலை. அதன் உரிமமும் எம்ஐடி என்றே எழுதியிருந்தது. ஆனால் எந்த வகைக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற பட்டியலை, ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே ஜிபிஎல் என்று எழுதியிருந்தது. பல ஆண்டுகளாக அது அங்கேயே இருந்தது. அத்தனை பேர் அதைத் தரவிறக்கினார்கள், யாரும் அந்தத் தலைப்பகுதியைப் பார்க்கவில்லை.

ஒருவர் பார்த்துச் சொன்னார். மைம்மேஜிக்கைப் பராமரித்தவர் நேர்மையாக நடந்துகொண்டார்: பழைய பதிப்புகளைப் பொதுச் சேமிப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஜிபிஎல் உரிமத்தில் புதியதை வெளியிட்டார். மறுகணமே உலகெங்கும் ரெயில்ஸ் திட்டங்களின் தொகுப்பு வேலைகள் நின்றன. தேடிய பதிப்பு கிடைக்கவில்லை. கிடைத்த பதிப்பின் உரிமம் எம்ஐடி திட்டத்துக்குப் பொருந்தவில்லை. சில நாட்களில் மார்செல் குழு அப்பாச்சி டிக்கா திட்டத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு, மைம்மேஜிக் தேவைப்படாத புதிய பதிப்பைக் கொடுத்தது. ரெயில்ஸும் திருத்திய வெளியீடுகளைக் கொண்டுவந்தது. அன்று ஓர் ஒலி லைப்ரரி டூமை நிறுத்தியதும் இதுவும் ஒரே வகைச் சிக்கல்தான். ஆனால் கார்மாக்குக்கு அது இருப்பது தெரியும். ரெயில்ஸில் மூன்று படி கீழே, நிரல்கூட இல்லாத ஒரு தரவுப் பட்டியலில் அது கிடந்தது.

உரிமங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது இன்றைய சிக்கலின் இன்னொரு முகம். இரண்டு லைப்ரரிகளும் திறமூலம், இரண்டும் நல்லவை, ஆனாலும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்குப் பழைய உதாரணம். விளம்பரங்களில் எங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை அதன் பழைய உரிமத்தில் இருந்தது. கூடுதல் நிபந்தனைகளை ஜிபிஎல் ஏற்காது. அதனால் ஜிபிஎல் திட்டங்கள் தனியாக ஒரு விதிவிலக்குப் பத்தி எழுதிச் சேர்த்துக்கொண்டன. உரிமத்தை மாற்ற 2017இல் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் பங்களிப்பாளர்களுக்கு ஒவ்வொருவராக மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதம் கேட்டது. 2021 செப்டம்பரில் 3.0 பதிப்பு அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும். இரண்டாம் பதிப்போடு மட்டும் நிற்கும் திட்டங்களோடு ஒத்துப்போகாது. பழைய முட்டல் போய்ப் புதிய முட்டல் வந்தது.

சில உரிமங்களில் ஒரே ஒரு வாக்கியம்தான் இடிக்கும். ஜேசன் வடிவத்தை அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டு, தன் நிரலின் உரிமத்தில் இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். கேட்க அழகான வரி. ஆனால் எது தீமை என்று தீர்மானிப்பது யார்? என்ன நோக்கத்துக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது திறமூலத்தின் அடிப்படை. அதனால் டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ரியாக்ட் என்ற தன் லைப்ரரியின் உரிமத்தோடு ஃபேஸ்புக் இணைத்திருந்த காப்புரிமை நிபந்தனையையும் அப்பாச்சி தள்ளியது. எதிர்ப்பு வலுத்ததும் 2017 செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு மாறியது. ஒரு பெரிய நிறுவனத்தை ஒரு பத்தியின் பொருட்டு மனம் மாறவைத்தவர்கள், உரிமத்தை வரிவரியாகப் படித்தவர்கள்.

அன்று இல்லாத ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: லைப்ரரியின் உரிமம் பாதி வழியில் மாறுவது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், டெராஃபார்ம் என்ற தன் கருவியைத் திறமூலமல்லாத உரிமத்துக்கு மாற்றியது, பழைய திறமூல நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளம் அப்படியே மாறியது, வால்கி கிளைத்தது. அடுத்த ஆண்டு ரெடிஸ் ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. பழைய பதிப்பின் பழைய உரிமத்தை யாரும் திரும்பப் பெற முடியாது என்பது உண்மைதான். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் புதிய பதிப்பில் வந்தால் என்ன செய்வது? போன ஆண்டு சரியாக இருந்த பட்டியல் இந்த ஆண்டும் சரி என்று வெளியீட்டுக்கு உட்காருபவர் நம்பிவிட முடியாது.

கருவிகள் வளர்ந்திருப்பதை மறைக்கக் கூடாது. எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது முறை 2010இல் தொடங்கி 2021இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. ஒவ்வொரு உரிமத்துக்கும் அதில் ஒரு குறுங்குறி உண்டு. 600க்கும் மேற்பட்ட உரிமங்கள் பட்டியலில் இருக்கின்றன. 2017இல் லினக்ஸ் கருநிரலின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளின் தொடக்கத்தில் அந்தக் குறியை எழுதினார்கள். அதற்கு முன் எத்தனையோ கோப்புகளில் உரிமம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஸ்கேன்கோட், ஃபாஸாலஜி போன்ற கருவிகள் முழுத் திட்டத்தையும் துழாவி, எந்தக் கோப்பு எந்த உரிமம் என்று பட்டியல் தருகின்றன. மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற இந்த உள்ளடக்கப் பட்டியலைச் சட்டமும் கேட்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2024இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் நம் ஊர் நிறுவனங்கள் இனி இதைத் தள்ளிப்போட முடியாது.

அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு அதன் முகம் தெரியும். மேலே எம்ஐடி, எம்ஐடி, அப்பாச்சி, பிஎஸ்டி என்று பச்சை நிறத்தில் வரிசையாக ஓடும். கண் அசந்துபோகும். எங்கோ நடுவில் ஒரு வரியில் ‘நோ-அசர்ஷன்’ என்று நிற்கும். எந்த உரிமம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்று கருவி கைவிரிக்கும் இடம் அது. அங்கே ஒரு மனிதர் அந்தக் கோப்புறைக்குள் போய், கோப்பைத் திறந்து, தலைப்பகுதியைப் படித்து, தேவைப்பட்டால் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும். மைம்மேஜிக் போன்றவை கருவிக்குப் பச்சையாகவே தெரியக்கூடும், ஏனென்றால் வெளியே ஒட்டியிருக்கும் சீட்டில் எம்ஐடி என்றுதானே இருக்கிறது. பச்சை நிறம் படித்ததற்கு அடையாளம் ஆகாது.

எம்ஐடி என்றால் எதுவும் செய்யலாம் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. எம்ஐடிக்கு ஒரு நிபந்தனை உண்டு: பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் நிரலோடு கூடவே போக வேண்டும். நிரலைச் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டும்போது அந்தக் குறிப்புகள் உதிர்ந்துபோகின்றன. இலவசமாகக் கொடுத்தவர் கேட்டது தன் பெயரை எடுத்துவிடாதே என்பது ஒன்றுதான். அதைச் செய்யாமல் இருப்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் நிரலும் சேர்ந்திருக்கிறது. அதில் வரும் இருபது வரி யாருடைய ரெப்போவிலிருந்து கற்றது என்று சொல்ல ஒரு குறிப்பும் கூட வருவதில்லை. அமெரிக்காவில் கோபைலட் என்ற நிரல் எழுதும் கருவியை எதிர்த்து 2022 நவம்பரில் தொடுக்கப்பட்ட வழக்கின் அடியில் இருப்பதும் இந்தக் கேள்வியே.

அன்றைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 75 நிறுவனங்களின் தயவில் ஒரு வெளியீடு காத்திருந்த நிலை மாறியது பெரும் நன்மை. எழுத்துரு வரையும் நிரல் ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருந்த காலத்தை விட, ஃப்ரீடைப் எல்லோர் கையிலும் இருக்கும் காலம் நூறு மடங்கு மேல். அன்றைய ஆட்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கத்தை: ஒவ்வொரு பகுதியையும் கையில் எடுத்து, இது யாருடையது, என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்ட பழக்கம். அதை வெளியீட்டுக்கு முந்தைய வாரம் கேட்டால் வலிக்கும். லைப்ரரியைச் சேர்க்கும் அன்றே கேட்டால் ஐந்து நிமிட வேலை.

தமிழில் சொல் திருத்தி, எழுத்துணரி, அகராதிச் செயலி, எழுத்துரு என்று பலர் சொந்த நேரத்தில் எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உரிமக் கோப்பு இல்லாத ரெப்போ எல்லோருக்கும் பொது என்று ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் இலங்கையின் அறிவுசார் சொத்துச் சட்டமும் கணினி நிரலைப் பதிப்புரிமையுள்ள படைப்பாகவே கொள்கின்றன. அனுமதி எழுதிக் கொடுக்காதவரை அடுத்தவர் அதை எடுத்து வளர்க்க முடியாது. நிரலுக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சொற்பட்டியலுக்கும் எழுத்துருவுக்கும் படத்துக்கும் இதே கதைதான்; அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். உங்கள் ரெப்போவில் உரிமக் கோப்பு இல்லையென்றால் இந்த வாரமே ஒன்றைச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன், உள்ளே இருப்பவற்றில் அடுத்தவருடையது எது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள்.